பாதி மூடிய ஓடுபாதை

விமானம் ஓட்டப் பழகிய ஒரு பெண், முதன்முதலாகத் தனியாக மேலே போன அன்று இருக்கையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள். இறங்கியவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். விமானத்திடலில் வேலை பார்த்த கயிற்றுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப்போய் உள்ளே கவிழ்த்தார். ஆசிரியர் ஓடிவந்தபோது, "கை தவறிடுச்சு சார், நானே தொடைச்சிடறேன்" என்றார். ஆசிரியர் அரை மணி நேரம் திட்டினார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே துடைத்தார். கேன்டீன் அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கடவுள் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அந்த விமானத்திடல் பெரியது ஒன்றுமில்லை. பயிருக்கு மருந்து தெளிக்கும் இரண்டு விமானங்களுக்காக யாரோ வயலை நிரவிப் போட்ட பாதை. பிறகு பயிற்சிப் பள்ளி வந்தது, கொட்டகை வந்தது, நான்கு மேசையோடு கேன்டீன் வந்தது. நல்ல காலத்தில் பதினோரு விமானங்கள் நின்றன. அப்புறம் சுற்றிலும் வீடுகள் முளைத்தன. விமானத்திடலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவர்கள், விமானச் சத்தம் கேட்கிறது என்று மனு கொடுத்தார்கள். பள்ளி போனது. மருந்து தெளிப்பவர்கள் போனார்கள். இடத்தைச் சரக்குக் கிடங்குக்குக் கொடுப்பது என்று முடிவானபோது மிச்சம் இருந்தது பல் டாக்டரின் விமானம் ஒன்றுதான்.

கயிற்றுக்காரர் அங்கே புல் வெட்டினார், எண்ணெய் ஊற்றினார். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது கயிறு. நிற்கிற விமானத்தைக் காற்று புரட்டிவிடாமல் தரையிலுள்ள வளையங்களோடு கட்டி வைக்க வேண்டும். கிளம்பிய விமானத்தின் கயிற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டுவார். திரும்பி வந்தால் எடுத்துக் கட்டுவார். ஆணியில் கயிறு தொங்கினால் ஆள் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷமாக அவருக்கு அதுதான் வேதம்.

மூடுகிற நாள் வந்தது. மாலை ஆறு மணி வரை பாதை திறந்திருக்கும் என்று அறிவிப்பு. பல் டாக்டர் வழக்கம்போலக் காலையில் பக்கத்து ஊருக்குப் பறந்து போயிருந்தார். மூன்று மணிக்குத் திரும்பி, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, விமானத்தை வேறு ஊர்த் திடலுக்குக் கொண்டுபோவது அவர் கணக்கு. மூடி வைக்க வந்த அதிகாரிக்கு நாலு மணிக்குப் பஸ்.

"மேல யாராவது இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

கயிற்றுக்காரர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஆணிகள் காலி. "யாரும் இல்லீங்க."

"அப்ப குறியைப் போட்டுடுங்க."

மூடிய பாதையின் தலைப்பில் பெரிய பெருக்கல் குறி வரைய வேண்டும். அதைக் கண்டால் விமானம் இறங்கக் கூடாது. கயிற்றுக்காரர் மஞ்சள் வண்ணத்தில், பள்ளிக்கூட நோட்டில் போடுவதுபோல் நேர்த்தியாகப் போட்டார்.

ஆணிகள் காலியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. லாரி வரப்போகிறது என்று பகலில் அவரே எல்லாக் கயிறுகளையும் மூட்டை கட்டிவிட்டார், டாக்டருடையதையும் சேர்த்து. காலையில் டாக்டருக்கு எண்ணெய் ஊற்றி வழியனுப்பியதும் அவரேதான்.

மூன்று மணிக்கு வானத்தில் சத்தம் கேட்டது. பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்தாள்.

"அண்ணே, அது நம்ம பல் டாக்டர் இல்ல?"

"ஆணியில கயிறு இல்லையே தங்கச்சி."

"கயிறு இல்லேன்னா என்ன? ஆளு அங்க சுத்துறாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். விமானம் ஒரு சுற்று வந்தது. குறியைக் கண்டதும் மறுபடி ஏறி இன்னொரு சுற்றுக்குப் போனது. டாக்டர் விதியை மீறாதவர். மேலே இருப்பவரோடு பேசும் கருவியை முதல் நாளே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் சுத்துவாரு?" என்றாள் அக்கா.

"கால் மணி. அதுக்கு மேல எண்ணெய் இருக்காது. நான்தானே ஊத்தினேன்."

"விதியில இதுக்கு வழி இருக்கான்னு பாக்கணும்" என்று அதிகாரி கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

கயிற்றுக்காரர் புல்வண்டியை ஓட்டிவந்து, அன்று வெட்டிய புல்லைக் குறியின் இரண்டு கோடுகளில் ஒன்றின் மேல் கொட்டினார். அக்கா துடைப்பத்தால் பரப்பினாள். வாய் கடவுள் பேரைச் சொன்னது, கை நிற்கவில்லை. ஈர வண்ணத்தில் புல் நன்றாக ஒட்டிக்கொண்டது. இப்போது மேலிருந்து பார்த்தால் சாய்ந்த கோடு ஒன்று மட்டும்.

நாலாவது சுற்றில் விமானம் தாழ்ந்து, கோட்டைத் தாண்டி இறங்கியது. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் இறங்கிவந்து கண்ணாடியைத் துடைத்தார். "ஒத்தைக் கோட்டுக்கு என்ன அர்த்தம்? நான் படிச்சதே இல்லையே."

"பாதி மூடியிருக்குன்னு அர்த்தம் டாக்டர்" என்றார் கயிற்றுக்காரர்.

டாக்டர் யோசித்தார். "நல்ல ஏற்பாடு" என்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியோடு வந்தார், எண்ணெய் நிரப்பிக்கொண்டு நாலரைக்குக் கிளம்பிப் போனார். விமானம் கண்ணுக்கு மறைகிற வரை கயிற்றுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு புல்லைச் சுரண்டிவிட்டு, குறியை மறுபடி வரைந்தார். அதிகாரிக்குப் பஸ் போய்விட்டது.

கிளம்புகிற நேரத்தில் அதிகாரி பெரிய பூட்டைக் கயிற்றுக்காரரிடம் கொடுத்தார். அவர் அதை அக்காவின் கையில் வைத்தார். கயிற்றுக்காரர் இனி வேறு ஊரில் மகள் வீட்டுக்குப் போகிறவர். அன்றோடு சரி, இருவரும் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை.

"கேட்டை நீயே பூட்டிடு தங்கச்சி" என்றார். "நான் மூடினா யாராவது வெளிய மாட்டிக்கிறாங்க."