காளியப்பன் வேலி போட்ட செடி

வெண்ணந்தூர்க் காளியப்பன் பட்டணம் போய்த் தாவர சாஸ்திரம் படித்துவிட்டு 1926இல் ஊர் திரும்பினார். எங்கள் பக்கத்தில் அந்தப் படிப்பைப் படித்த முதல் ஆள் அவர்தான். செடியைப் பார்க்க ஒரு படிப்பா, ஆட்டுக்கு அது பிறவியிலேயே வருமே என்று ஊர் சிரித்தது. சிரித்த கையோடு வயிறு உப்பிய எருமையை அவரிடமே ஓட்டிக்கொண்டு வந்தது. மாட்டு வைத்தியம் தெரியாது என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடலைக்காட்டில் களையெடுக்க வந்த பெண்களை நிறுத்தி, ஒவ்வொரு களைக்கும் லத்தீன் பெயர் சொல்லிப் பிடுங்க விடாமல் அனுப்பினார். அந்த வருஷம் களை அமோக விளைச்சல். தம்பி சின்னண்ணன் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டான். பிறகு அம்மை வந்து காளியப்பனின் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது. எஞ்சியது அங்கம்மாள் என்ற கைக்குழந்தை. மனைவி பழனியம்மாள் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தாள். அவர் மலைக்கு நடந்தார்.

அப்படி நடந்ததில்தான், 1933இல், அலவாய்மலைப் பாறை இடுக்கில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு செடி கூட்டமாக முளைத்திருக்கக் கண்டார். இலையை மட்டும் வைத்து எதுவும் சொல்வதற்கில்லை, பூவும் முற்றிய விதையும் வேண்டும் என்றார் பட்டணத்துப் பேராசிரியர். புதுச்செடி என்று உறுதியானால் காளியப்பன் பெயர் சாஸ்திரத்தில் ஏறும். கிறுக்கன் என்ற பெயர் ஊரில் இறங்கும். மலை முழுக்க அலைந்தும் வேறெங்கும் அது இல்லை. மார்கழியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தபோது, ஆடு வாய்வைக்காமலிருக்க முள் வெட்டி வேலி கட்டினார். கிள்ளினால் விதை குறையும் என்று ஒரு கொத்தைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு படித்தவருக்கு அவ்வளவுதான் புத்தி. சந்தோஷம் தாங்காமல் பழனியம்மாளிடம் மட்டும் சொன்னார்.

மார்கழிக் கடைசி நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, நோய் அண்டாமலிருக்க வாசலுக்கு மேல் கூரை இறவாணத்தில் செருகுவார்கள். அடுத்த காப்புக் கட்டு வரை அதை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் நோய் உள்ளே வந்துவிடும். மறுநாள் காளியப்பன் மலையேறிப் பார்த்தால், வேலி பிரிந்து கிடந்தது. செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டிருந்தார்கள். இறங்கி வந்தால் ஊர் முழுக்க இறவாணத்தில் அவருடைய பூ. காளியப்பன் முள் போட்டுக் காக்கிறார் என்றால் அது சும்மா பூவாக இருக்குமா என்று கேட்டார்கள். ஊர் அவர் படிப்பை மதித்தது அன்றைக்குத்தான்.

கொத்து காய்ந்து நாலு விதை தேறினாலும் போதும் என்று வீடு வீடாகக் கெஞ்சினார். ஊர்க்காரன் சரவணமுத்துவின் வாசலில் கொத்தை எட்டக் கையை உயர்த்தினார். அவன் மாடு ஓட்டும் தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு அடிக்க வந்தான். கடைசியில் தன் வீட்டுக்கே வந்து முக்காலியில் ஏறி, அங்கே தொங்கிய கொத்தைப் பிடித்தார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பழனியம்மாள் வந்து நின்றாள்.

"அவுக்கறதுன்னா அவுத்துக்குங்க. மொதல்ல மலைக்குப் போனது நாந்தானுங்க, என்னப் பாத்துத்தான் ஊரே வந்துச்சு. ரெண்டு உசுரு போன ஊடு. இத்தன வருசம் நீங்க தேடுனது வெறுஞ்செடியா இருக்காதுன்னு நம்பிப் பறிச்சேன்."

காளியப்பனுக்கு முக்காலி மேலேயே அழுகை வந்துவிட்டது. அவர் படிப்பை நம்பிய ஒரே ஜீவன் அவள்தான், அதை வேரோடு பிடுங்கியவளும் அவள்தான். பேராசிரியருக்கு வேண்டியது கையில் இருந்தது. அவர் இழுத்ததில் தளர்ந்துபோன முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார்.

ஐப்பசி மழையில் எல்லாக் கொத்துகளும் மக்கி உதிர்ந்தன. மலையில் அந்தச் செடி மறுபடி முளைக்கவே இல்லை. அடுத்த மார்கழியில் ஊரே அவர் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது. சரவணமுத்துதான் பேசினான்.

"சாமி, இந்த வருசம் அந்தப் பூ எங்கீங்க?"

இனி அது உலகத்திலேயே இல்லை என்றார் காளியப்பன். வேறு மலையில் வேலி போட்டு ஒளித்திருக்கிறார் என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே கலைந்தார்கள்.