சமைக்கிற ஆளை அனுப்புவது

நான் எழுதப் பழகியவன் அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மகளின் கணினிப் பாடத்தைப் பற்றி நான் எழுத வந்ததே பிழைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி இறந்து எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. முடிந்த பிறகும் அயலவர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். முன்பு எங்கள் வாய்க்கால் பக்கம் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். தன் அகப்பையை எடுத்துக்கொண்டு போவாள்.

செத்த வீட்டுக்கென்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் ஒருநாள் மடிக்கணினியோடு இருந்தாள். அன்றைக்கே அனுப்ப வேண்டிய வேலை ஒன்று சரிவரவில்லை. அது சரிவராவிட்டால் படிப்பை விட்டு எனக்குச் சமைத்துப் போடப்போவதாகச் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஒரு ஆள் இருக்குமே என்ற ஆசை.

போட்ரான் என்ற பழைய கணினி மொழியாம். எழுதியதைக் கம்பைலர் என்ற ஒன்று முழுவதும் வாசித்து ஏற்றால்தான் ஓடுமாம். அது மறுத்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு மாமி சோறும் பூசணிக்காய்க் கறியும் கொண்டுவந்தா.

"கம்பியூட்டரைத் திண்டு வயிறு நிரம்பாது, பிள்ளை. கொம்மாவின்ர கைப்பக்குவம் என்னட்டை இல்லை. இருக்கிறதைச் சாப்பிடு."

மகள் ஒரு வாய் வைத்தாள். சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள். உடனே திரைப் பக்கம் திரும்பினாள். மாமி போன பிறகு எனக்கு விளக்கினாள். ஒரு கணக்கைச் செய்யும் பகுதிக்கு இன்னொரு கணக்கின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டுமாம். இவள் பெயரோடு அடைப்புக்குறியும் எண்ணும் போட்டதால் அந்தக் கணக்கு போகாமல் அதன் விடை மட்டும் போயிருக்கிறது.

"சமைச்ச கறியை அனுப்பியிருக்கிறன், அப்பா. அங்க வேண்டியது சமைக்கிற ஆள். ஆள் போனால்தான் கேக்கிற நேரமெல்லாம், கேக்கிற அளவுக்குச் சமைக்கலாம்."

திருத்தினாள். ஓடியது. சிரித்தாள். செத்த வீட்டுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா இப்பிடித்தானே போறவா."

"ஓம்" என்றேன்.

"நான் இங்கயே நிண்டு சமைக்கட்டே?"

"நீ போ, பிள்ளை."

"உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமே?"

தெரியாது என்றேன். அவள் வேலையை அனுப்பிவிட்டு உடுப்புகளை அடுக்கினாள்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறிப் போனாள். மத்தியானம் நான் சோறு வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.