ராணி போட்ட சோழி மாலை

எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கிடைக்கிற பழைய துணியையும் நகையையும் வாங்காமல் நான் திரும்பியதில்லை. வீட்டில் வைக்க இடமும் இல்லை, எனக்குப் புத்தியும் இல்லை. அதனால் வருங்கால மாமியாரை முதன்முதலாகப் பார்க்க அரிமளத்துக்குக் கிளம்பிய அன்றும், புதுக்கோட்டையில் இறங்கியதும் நேராகப் பழம்பொருள் கடைக்குத்தான் போனேன்.

அந்த அம்மா எங்கள் கல்யாணத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. "பொண்ணு ஒரு தடவ வந்துட்டுப் போகட்டும், பெறகு பார்ப்போம்" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு தடவையில் என் சென்னைச் சாயம் தெரியக்கூடாது. அந்த மண்ணிலேயே முளைத்தவள் போலப் போய் நிற்க வேண்டும் என்பது என் திட்டம்.

ராஜவீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது கடை. பாச்சை உருண்டை வாசம் வீசும் செங்கல் நிறக் கட்டம்போட்ட நூல் புடவை ஒன்று உடனே அகப்பட்டது. அப்புறம்தான் ஆணியில் தொங்கிய அதைப் பார்த்தேன். கறுப்புக் கயிற்றில் கோத்த சோழிகள், நடுநடுவே குட்டிக் குட்டிப் பித்தளைச் சலங்கைகள்.

"இது அரண்மனையில இருந்து வந்ததா?" என்றேன்.

"இருக்கும்ங்க" என்றார் கடைக்காரர்.

"ராணி யாராவது போட்டிருப்பாங்களோ?"

"இருக்கும்ங்க."

வரலாறு முழுவதையும் நானே சொல்லி, நானே நம்பி, நானே வாங்கினேன். அவர் பாவம், ஒரு சொல்லைத் தவிர வேறு பொய் சொல்லவில்லை.

லாட்ஜில் அறை எடுத்து உடுத்திக்கொண்டு அரிமளம் பஸ் ஏறினேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் கழுத்து சலசலத்தது. பக்கத்து சீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துத் தலையை இன்னும் கொஞ்சம் ஆட்டிவைத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் வண்டியோடு நின்ற என் வருங்காலக் கணவர் என் கழுத்தைப் பார்த்ததும், "அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை பேசினா அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்."

நான் வாங்கும் பொருட்களைக் குறை சொல்லி ஏற்கெனவே பட்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு வண்டியை உதைத்தார்.

வாசலுக்கு வந்த அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தார். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். சலங்கை குலுங்கியது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து பசு "ம்மா" என்று கத்தியது. அதன் மடியில் முட்டிக்கொண்டிருந்த கன்று தலையைத் திருப்பியது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு, சோழி, குட்டிச் சலங்கை. இரண்டு சோழி உதிர்ந்திருந்தது என்பதைத் தவிர, அசல் என்னுடையதேதான்.

பூமி பிளக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிளக்கவில்லை. கல்யாணம் அவ்வளவுதான். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகிறவள் ஒரு முழம் பூவோ ஒரு சீப்புப் பழமோ வாங்கவில்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த அம்மா என் கைகளைப் பார்த்தார். பிறகு திண்டாடிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"நம்ம கன்னுக்குட்டிக்கு வாங்கியாந்தியா தாயி? அதோடதுல சோழி உதுந்து போச்சுன்னு இவன் சொன்னானாக்கும். கயிறு சிக்குப்பட்டுரும்னு கழுத்துல போட்டு வந்திருக்கே. பூவும் பழமும்தான் எல்லாரும் கொண்டாராக."

"ஆமாங்க அத்தை" என்றேன். பொய்யும் அத்தையும் ஒன்றாகவே வாயில் வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரே மாலையைக் கழற்றிக் கன்றுக்குக் கட்டினார். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதற்குத்தான் எடுப்பாக இருந்தது. திரும்பி வந்தவர், "வெறுங்கழுத்தா உக்காரக் கூடாது" என்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டார். மகனிடம், "நிக்கிறியே, போயி பூ வாங்கிட்டு வாடா" என்றார்.

சங்கிலியைத் தடவிப் பார்த்தேன். பழக்க தோஷம், சும்மா இருக்க முடியவில்லை.

"ரொம்பப் பழசா அத்தை?"

"கவரிங்கு தாயி. போன பொங்கலுக்கு பஸ் ஸ்டாண்டுல வாங்குனேன்."

இப்போது அதன் முலாம் முழுக்க வெளுத்துவிட்டது. நல்ல நகையெல்லாம் பெட்டியில் இருக்க, வெளியூர் போனால் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். போன மாதம் ஒரு பெண் அதைப் பிடித்துப் பார்த்து, பரம்பரை நகையா என்று கேட்டாள்.

"இருக்கும்ங்க" என்றேன்.