பசை காயட்டும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். பந்தியில் சாப்பிட்டு எழுந்த பிறகு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். முன்னால் படித்தால் சோறு இறங்காது. அப்புறம் சமையல்காரர் மேல் பழி போடுவீர்கள்.

என்னை எழுதச் சொன்னவர் சித்தப்பா. "பாப்பா, எங்கண்ணனப் பத்தி நாலு பேரு மெச்சுற மாதிரி எழுதிக் குடு" என்றார். எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். "உள்ளதத்தான எழுதிருக்க? போடு" என்றார். ஆகவே, உன் மகள் மானத்தை வாங்கிவிட்டாளே என்று நாளைக்கு யாரும் அம்மாவிடம் போய் ஒப்பாரி வைக்க வேண்டாம்.

அப்பா பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். வீட்டுக்கு மூத்த பிள்ளை. மழை பொய்த்த ஒரு வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து, கோரிப்பாளையத்தில் ஒரு பாய் நடத்திய மோட்டார் வைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எரிந்துபோன பம்பு மோட்டாரையும் மின்விசிறியையும் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கட்டும் வேலை. கை அவ்வளவு சுத்தம். அவர் கட்டிய மோட்டார் கடைக்குத் திரும்பி வராது என்று பாய் எல்லோரிடமும் சொல்வாராம். பிறகு சொந்தக் கடை வைத்தார், ஒத்தக்கடையில் இடம் வாங்கி வீடு கட்டினார், தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். இதெல்லாம் சத்தியமான உண்மை. இதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

அப்பாவுக்குக் குடியில்லை, சீட்டில்லை. இருந்த ஒரே பித்து தூண்டில். ஞாயிறு வந்தால் வைகை அணை, இல்லாவிட்டால் தண்ணீர் கிடக்கிற ஏதாவது ஒரு கண்மாய். வளைகுடாவிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் வெளிநாட்டுத் தூண்டில் கம்பில் வளையம் கழன்றுவிட, அதை அப்பா கட்டிக் கொடுத்தார். தூண்டில் நரம்பு ஓடுவதற்காகக் கம்பு நெடுகச் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். அவற்றைக் கம்போடு சேர்த்து வண்ண நூலால் இழையோடு இழை ஒட்டி, மயிரிழை இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். செம்புக் கம்பி சுற்றிய கைக்கு நூல் ஒரு பொருட்டா? பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ராமேசுவரம், தூத்துக்குடி என்று ஆர்டர் வரத் தொடங்கியது. வெறும் கம்பை வரவழைத்து முழுத் தூண்டிலாகவே வீட்டில் கட்ட ஆரம்பித்தார். கடையைவிட அதில்தான் அவருக்குப் பெருமை.

நூலை இழுத்துப் பிடிக்க அப்பா. கம்பை உருட்ட அம்மா. எங்கள் வீட்டில் அப்போது மோட்டார் என்பது அம்மாதான்.

நூல் சுற்றி முடித்ததும் மேலே பசை பூச வேண்டும். இரண்டு குப்பியில் இருப்பதைக் கலந்து பூசுகிற, கண்ணாடி மாதிரி இறுகும் பசை. பூசிய பிறகு அது காயும் வரை கம்பு நிற்காமல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் பசை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கிவிடும். மணிக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சுற்றியவரும் அம்மாதான். அம்மா கண்ணயர்ந்தால் அப்பா ஸ்கேலால் மணிக்கட்டில் தட்டுவார். பலமாக அல்ல. அப்பா எதையும் பலமாகச் செய்யமாட்டார். அதுதான் அவருடைய குணம், பலரும் பாராட்டிய குணம்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அது. ஒரு நாள் காலையில் மேலூரிலிருந்து போன் வந்தது. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, தவறிவிட்டார். அப்போதுதான் ஒரு கம்புக்குப் பசை பூசி அம்மா சுற்றத் தொடங்கியிருந்தார். மறுநாள் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கம்பு. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மேலூர் பஸ் போகும். மாட்டுத்தாவணியில் கிளம்புகிற பஸ் ஒவ்வொன்றும் ஆரன் அடித்துக்கொண்டு போவது உள்ளே கேட்கும்.

அம்மா கையை நிறுத்தாமலே கேட்டார். "எங்கப்பா மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஓடியாந்துர்றேங்க. வந்து விடிய விடிய சுத்துறேன்."

அப்பா லைட்டரைப் பக்கத்தில் காட்டிப் பசையில் இருந்த குமிழியை உடைத்துக்கொண்டிருந்தார். "பசை காயட்டும், போகலாம். செத்தவரு எங்க ஓடிப்போகப் போறாரு?" என்றார்.

நான் சுற்றுகிறேன் என்றேன். உன் கை சீராக ஓடாது என்று தள்ளிவிட்டார். மதியம் மறுபடி போன். வெயில் காலம், உடம்பு தாங்காது, மகள் எப்போது வருவாள் என்று தாய்மாமா கேட்டார். அப்பா மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். எங்களுக்காக வைத்திருக்க வேண்டாம், நீங்கள் எடுத்துவிடுங்கள், பின்னாலேயே வருகிறோம் என்றார். அம்மா காதில் அது விழுந்தது. அம்மாவின் கை நிற்கவில்லை. நின்றால் பசை தொங்கிவிடுமே.

நாங்கள் மேலூர் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். தாத்தாவைக் கிடத்தியிருந்த இடத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் அங்கே கிடையாது. அம்மா அந்த ஈரத்தில் போய் நின்றார். சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். திண்ணமாகச் சொல்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. காத்திருக்க வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையின் பெரிய மனசை அன்று மெச்சிப் பேசியவர்கள் உங்களில் பலர். எனக்கு எல்லோருடைய முகமும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அம்மாவின் மணிக்கட்டு வீங்கிப்போனது. பிடித்த கம்பு நழுவியது. அப்பா ஒன்றும் திட்டவில்லை. அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த தையல் மிஷினிலிருந்து மோட்டாரையும் கால் பெடலையும் கழற்றினார். அம்மா கையில் நாலு காசு புழங்கிய ஒரே வழி அந்த மிஷின்தான். கேட்கவில்லை, கழற்றினார்.

அவர் செய்த நூல் சுற்றும் மிஷினைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். தையல் மோட்டாரின் வேகத்துக்கு நூல் அறுந்தது. பெரிய சக்கரம் ஒன்றை நடுவில் கொடுத்து வேகத்தைக் குறைத்தார். பெடலுக்கு அடியில் மரக்கட்டை ஒன்றைத் திருகி, எவ்வளவு மிதித்தாலும் ஓரளவுக்கு மேல் இறங்காதபடி செய்தார். கம்பு உட்காரும் தாங்கிகளில் சறுக்கு ஜன்னலின் உருளைகளைப் பொருத்தினார். கம்பின் அடியைப் பிடிக்க, பிவிசி குழாய் மூடியில் ரப்பர் நுனி வைத்த திருகாணிகள். பசை காய்வதற்கு ஏர் கூலரில் இருந்து எடுத்த ஆமை வேக மோட்டார் தனியாக. சொடுக்கிவிட்டால் போதும், பசை காயும்வரை தானே சுற்றும், ஆள் வேண்டாம். வந்து பார்த்த சொந்தங்களிடம் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்: "மோட்டாருக்கு வாயி கெடையாது. அப்பன் செத்துட்டான்னு அழுகாது." நீங்களும் சிரித்தீர்கள். பொண்டாட்டி கஷ்டம் பொறுக்காமல் மிஷினே செய்துவிட்டார் பார் என்று ஒரு அத்தை ஊரெல்லாம் சொன்னார்.

வருடங்கள் ஓடின. நான் வாழ்க்கைப்பட்டுத் தேனிக்குப் போனேன். அப்பா கடையை மூடிவிட்டுத் தூண்டில் வேலையே கதி என்று இருந்தார். ஒரு நாள் காலை, நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது.

அம்மா பார்த்துக்கொண்டதைப் போல ஒருவரும் பார்த்துக்கொள்ள முடியாது. தினமும் வெந்நீரில் குளிப்பாட்டினார். முதுகில் ஒரு புண் வர விடவில்லை. கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினார். வந்து பார்த்தவர்கள் கண் கலங்கினீர்கள். கட்டிலை மட்டும் மிஷினுக்கு எதிரே திருப்பிப் போட்டார். காற்று வரும் என்று உங்களிடம் சொன்னார்.

பிறகு அம்மா மிஷினில் உட்கார்ந்தார். பாக்கி இருந்த ஆர்டர்களைக் கட்டத் தொடங்கினார். அத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவர் அல்லவா, கை தானே ஓடியது. தன் உயரத்துக்குத் தோதாக மிஷின் பலகையின் காலை அறுத்துக் குட்டையாக்கினார். ரம்பம் ஓடிய அவ்வளவு நேரமும் அப்பா "ம், ம்" என்று கத்திக்கொண்டே இருந்தார். தூத்துக்குடிக்காரர் போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைப்பார். "அண்ணே கட்டுனதவிட இது நேர்த்தியா இருக்குக்கா" என்று அவர் சொல்வார். அப்பாவின் கண்ணோரம் வழியும். அம்மா துடைத்துவிடுவார்.

அப்பாவுக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இடது கையால் பெடலைக் காட்டுவார், பிறகு தன் இடது காலைக் காட்டுவார். அந்தக் கால் நன்றாக இருந்தது. பெடலைக் காலடியில் வைத்தால் மிதிப்பேன், கம்பைச் சுற்ற விடுவேன், ஒரே ஒரு தடவை என்று. எனக்கே புரிந்தது, அம்மாவுக்குப் புரியாதா? ஒவ்வொரு முறையும் அம்மா அவர் தலையைக் கோதிவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்.

"பசை காயட்டும், தாரேன்."

முதல் தடவை அதைக் கேட்டபோது அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் ஒரு மூலையில் இனித்தது.

மாதக்கணக்கில் இது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொறுக்க முடியாமல், ஒரு தடவை கொடுத்தால்தான் என்ன என்று சண்டை பிடித்தேன். அம்மா எழுந்து வந்தார். அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தார். காலடியில் பலகை போட்டுப் பெடலை வைத்தார். மிஷினில் புதுக் கம்பைப் பூட்டிச் சிவப்பு நூலைக் கோத்தார். அப்பாவின் பாதி முகம் சிரித்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா மிதித்தார். கம்பு சுற்றவில்லை. மறுபடி மிதித்தார். கால் விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். கம்பு அசையவில்லை.

"நல்லா மிதிங்க" என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "இந்தக் காலும் போயிருச்சு போலயே" என்றார்.

அப்பா தன் காலையே வெறித்துப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா பெடலை எடுத்துக்கொண்டு போய் மிஷினுக்கு அடியில் வைத்தார். குனிந்து, தரையில் கிடந்த பிளக்கை எடுத்துச் சொருகினார். உட்கார்ந்து மிதித்தார். கம்பு சர்ரென்று சுற்றியது.

அப்பாவிடம் ஓடினேன். கால் நல்லாத்தான் இருக்குப்பா, வயர்தான் சொருகவில்லை என்று சொன்னேன். அப்பா மெல்லத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா பெடலைக் காட்டவே இல்லை. கஞ்சிக்கு வாயும் சரியாகத் திறக்கவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய அக்கம்பக்கத்தாருக்கு நன்றி. மலரை அச்சிடும் சித்தப்பாவுக்கும், அச்சிட்ட பிறகு என்னோடு பேசவே மாட்டாத அதே சித்தப்பாவுக்கும் நன்றி. எல்லாவற்றையும்விட, அப்பாவை எடுத்த அன்று வெயிலில் அத்தனை நேரம் காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஏன் நேரமாகிறது என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனீர்கள். ராகு காலம் என்றார் ஒருவர். தேனியிலிருந்து மகள் வர வேண்டும் என்றார் இன்னொருவர். நான் காலையிலேயே வந்துவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும், அன்று சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

நான் வந்து இறங்கியபோது கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா பக்கத்தில் இல்லை. உள்ளே மிஷின் அறையில் நின்று, இரண்டு குப்பியையும் கலந்து, கட்டி வைத்திருந்த ஒரு கம்புக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்து, அப்பா செய்த ஆமை மோட்டாரில் பூட்டிச் சொடுக்கிவிட்டார். கம்பு மெல்லச் சுற்றத் தொடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. என்ன பாசம் என்று பெண்கள் குசுகுசுத்தீர்கள்.

மதியம் தாண்டி, உடம்பு தாங்காது, எடுத்துவிடலாம் என்று சித்தப்பா வந்து கெஞ்சினார். அம்மா எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சுற்றிக்கொண்டிருந்த கம்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மோட்டாரை நிறுத்தினார்.

"காஞ்சிருச்சு" என்றார் என்னிடம். "எடுக்கச் சொல்லு."