துலாவில் கேட்ட காலடி

ஐப்பசி பத்து, மாலை நாலே கால், தூறல். நாற்பது வருடம் நடனத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். நனைந்த மேடைப் பலகையின் மணம் இன்று என்னை, தூர்ந்துபோன புத்தூர்த் தோட்டக் கிணற்றடிக்குக் கொண்டுபோயிற்று. ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், கொழும்பு மாடிவீட்டுக் கட்டிலின் கீழ் ஒளிந்தபடி, எங்களைத் தேடியவர்களின் காலடிகளைப் பலகைத் தரையில் கேட்டதிலிருந்து, மரத்தில் யார் நடந்தாலும் காதைப் பொத்துவேன். பிறகு நாங்கள் தஞ்சம் புகுந்த, யாழ்ப்பாணத்தில் மாமாவின் ஊரான புத்தூரிலோ, தண்ணீர் இறைக்க, கிணற்றின் மேல் ஏறியிறங்கும் நெடிய துலாமரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள்.

மாமாவின் மகள் சிரித்தாள். "கொழும்பார், நிலத்திலையே நடுங்கிறியள். துலாவிலை ஏறுவியளே?"

"ஓம் மச்சாள், ஏறுவன்."

ஏறினேன். துலா சாய்ந்தது, நிமிர்ந்தது; மரத்தில் கேட்ட காலடி முதல்தடவையாக என்னுடையதாக இருந்தது. வாய்க்கால் நிரம்பும்வரை நான் இறங்கவில்லை. மொத்தச் செலவு, இடதுகாலில் ஒரு நகம்.