அலுமாரிக் காலில் கட்டிய கன்று

தங்கை கட்டிய புது வீட்டில் கமலாசனியை மிகவும் வருத்தியது குசினி யன்னல்தான். வாசலில் நிறுத்திய தூண்களைப் பார்த்து அவள் பெருமூச்சு விட்டதுண்டு. தரைக்குப் பதித்த வெள்ளை மாபிளைப் பார்த்து, "ஆரோ வழுக்கி விழத்தான் போகினம்" என்று வாய்க்குள் சொன்னதுமுண்டு. ஆனால் அந்த யன்னலைக் கண்டால் மட்டும் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போலிருக்கும். யன்னலுக்குக் கீழே பாத்திரம் கழுவும் தொட்டி, தொட்டிக்கு மேலே பைப். திருகினால் தண்ணீர். கிணற்றடிக்குப் போகாமல், குனியாமல், கமலாசனியின் வளவைப் பார்த்தபடியே சட்டி பானை கழுவி முடிக்கலாம்.

"இதில நிண்டா உன்ர மாட்டுக்கொட்டில் வரைக்கும் வடிவாத் தெரியுது அக்கா," என்று சிவரூபி சந்தோஷமாகச் சொன்னாள். "இனி நீ எங்க போனாலும் என்ர கண்ணிலதான்."

"ஓம், நான் சாணி அள்ளுறதை நீ யன்னலுக்குள்ள நிண்டு பார்."

சிவரூபி அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். கமலாசனி பகிடி விடவில்லை.

இருவரும் கண்டாவளையில் பிறந்தவர்கள். அப்பா குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். அவர் விட்டுப்போன வளவை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு வேலியும் வேலியில் ஒரு சின்னப் படலையும் வைத்து, அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கமாக இருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு எல்லாம் பிந்தித்தான் கிடைக்கும்; ஆனால் நல்லதாகக் கிடைக்கும். அக்காவுக்கு வாங்கியது யாரோ ஓடித் தேய்ந்த சைக்கிள். தங்கையின் சைக்கிள் கடையில் சுற்றிய மட்டையோடு வீட்டுக்கு வந்தது. அக்காவின் கலியாணம் சண்டைக் காலத்தில், கோயிலில் அவசரமாகத் தாலி கட்டி முடிந்தது. வாழ்த்த வந்தவர்கள் பாதியில் பங்கருக்குள் ஓடினார்கள். தங்கையின் கலியாணம் எல்லாம் ஓய்ந்த பிறகு வவுனியாவில், மண்டபத்தில், வீடியோவோடு நடந்தது.

வீடும் அப்படித்தான். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து எல்லோரும் தறப்பாள் கொட்டில்களில் கிடந்தபோது வீட்டுத்திட்டம் முதலில் கிடைத்தது கமலாசனிக்கு. கல் அரிந்ததும் சீமெந்து குழைத்ததும் அவளும் புருசன் பாலனும்தான். கூரை போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. நனையத் தொடங்கிய அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் உள்ளே வைத்தாள். புது வீட்டுக்குக் குடிபூரல் என்று அவளுக்கு நடந்தது அதுதான். ஐயரும் வரவில்லை, கும்பமும் வைக்கவில்லை. பால் காய்ச்சிப் பொங்க விடுவதற்கு அந்த நேரம் அயலில் ஒரு மாடும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு ஆறுதலாகச் செய்வோம் என்று விட்டது, விட்டபடியே போய்விட்டது.

சிவரூபியின் புருசன் குகதாசன் நெல் அறுக்கும் வெட்டு மெசின் வைத்திருந்தான். காலபோகம் சிறுபோகம் என்று நெல் விளைய விளைய, ஊர் வயல்களெல்லாம் அவனுடைய மெசினுக்காகக் காத்து நின்றன. அந்த மெசின் ஓடி ஓடி எழுப்பிய வீட்டுக்குத்தான் இப்போது நாள் குறித்திருந்தார்கள்.

கமலாசனி உதவிக்குப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. யன்னல் சீலைக்குக் கொக்கி கோத்தாள். குந்தியிருந்து, மாபிளில் சிந்திக் காய்ந்த பெயின்ற் பொட்டுகளைப் பிளேற்றால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்டத் தன் முகம் அதில் தெரிவதைப் பார்த்து, அந்த இடத்தை ஈரத் துணியால் கலைத்தாள்.

அயல்வீட்டு வடிவம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "உன்ர வீட்டையும் இப்பிடிச் சுரண்டி மினுக்கினியே பிள்ளை?"

"என்ர வீட்டைச் சுரண்டினா மண்தான் மாமி வரும்."

அன்று பின்னேரம் சிவரூபி பழைய வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொண்டு போவது ஒரு பக்கம், விடுவது ஒரு பக்கம். கண்ணாடி வைத்த பெரிய அலுமாரியின் முன்னால் நின்று யோசித்தாள்.

"அக்கா, இதை நீ எடன். புது வீட்டுக்கு இது பொருந்தாது."

கமலாசனி வேண்டாம் என்று சொல்வதற்கு முன், பாலனும் குகதாசனும் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டார்கள். அறைக் கதவுக்குள் நுழையாததால் அது கமலாசனியின் வீட்டு மண்டபத்தில், வாசலுக்கு நேரே நின்றது. பாலன் சாரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தான்.

"முதிரை மரம். இந்தக் காலத்தில எங்க கிடைக்கும்?"

"அவளுக்குப் பொருந்தாதது எனக்குப் பொருந்துமாமோ?"

"அது அலுமாரிக்குத் தெரியாதே."

பாலனோடு கோபிக்கவும் முடியாது. கோபித்தாலும் அவன் சாப்பிட்டுவிட்டு நித்திரைக்குப் போய்விடுவான்.

இருள முன் சிவரூபி படலையால் வந்தாள். "அக்கா, விடிய வெள்ளன செவலையும் கண்டும் வேணும். மாடுதான் முதல் உள்ள போகவேணும் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகுதான் நாங்களே காலடி வைக்கலாம்."

செவலை கமலாசனியின் மாடு, கண்டு அதன் கன்று. அந்த ஒழுங்கையில் பால் கறக்கும் மாடு அது ஒன்றுதான். கமலாசனிக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. "ஓம், நான் கொண்டு வாறன்."

"நீ ஏன் கரைச்சல்படுவான்? இவர் வந்து அவிழ்த்துக்கொண்டு போவார். நீ குளிச்சு, வடிவா வெளிக்கிட்டு, ஆறுதலா வா." போகத் திரும்பியவள் நின்றாள். "எல்லாம் முறையா நடக்கவேணும் அக்கா. இதுக்கு முந்தி எந்த வீட்டிலயும் சண்டை எங்களை இருக்க விடேல்லைத்தானே. எனக்குப் பயமாக் கிடக்கு."

தங்கை சொன்னதில் இரண்டாவது பாதி கமலாசனியின் காதில் ஏறவில்லை. முதல் பாதியே நிறைத்துக்கொண்டது. மாடு முதல். மாட்டுக்காரி ஆறுதலாக வந்து, ஊர்ச் சனத்தோடு சனமாக நின்று பார்க்கலாம்.

செவலை கன்றை விட்டுப் புது இடத்துக்குள் ஓர் அடி எடுத்து வைக்காது. மாடு வளர்க்கிற எவருக்கும் இது தெரியும்; கன்றை முன்னால் கொண்டு போனால் மாடு தானாகப் பின்னால் வரும். குகதாசனுக்கு மெசின் தெரிந்த அளவுக்கு மாடு தெரியாது. கன்று இல்லாமல் செவலையைக் கொண்டு போனால் அது புது வீட்டுப் படியில் ஏறாது. மாடே ஏற மறுத்த வீடு என்று ஒரு கதை கிளம்பினால் போதும். எந்தப் பிளேற்றாலும் அதைச் சுரண்ட முடியாது. நினைக்க நினைக்கக் கமலாசனிக்குப் பாயாசம் குடித்தது போல இருந்தது.

விடிகாலையில் குகதாசன் வந்தபோது, மாடு மட்டும் கொட்டிலில் நின்றது.

"மச்சாள், கண்டு எங்க?"

"அதுக்கு வயித்தாலை போகுது தம்பி. மாபிள் முழுக்க நாசமாக்கிப்போடும். மாட்டை மட்டும் கொண்டு போங்கோ."

கன்றைக் கொட்டிலில் விட்டிருந்தால் அந்தக் குசினி யன்னலுக்குத் தெரிந்துவிடும் என்று, அதை மண்டபத்துக்குள் கொண்டுவந்து அலுமாரிக் காலில் கட்டியிருந்தாள். வெளிக் கதவைச் சாத்திவிட்டு, தங்கை எடுத்துக் கொடுத்த சேலையை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள்.

செவலைக்குக் கொம்பில் எண்ணெய் பூசி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. குகதாசன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். செவலை முதற் படிக்கு முன்னால் கால்களை ஊன்றி நின்றுவிட்டது. இழுத்தான், தட்டினான், பின்னால் நின்று தள்ளினான். கடைசியில் வாலை முறுக்கினான்.

"தம்பி, அது வெட்டு மெசின் இல்லை. அதை முறுக்கினா ஸ்ராட் வராது," என்றாள் வடிவம்மா. சனம் சிரித்தது.

ஐயர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது. கன்று இருந்தால் வரும்."

"கண்டுக்குச் சுகமில்லை ஐயா," என்றான் குகதாசன் வியர்வையைத் துடைத்தபடி.

பின்வரிசையில் நின்ற கமலாசனி, தான் கேட்டது கிடைத்துவிட்டதென்று கண்டாள். அது இனிக்கும் என்று காத்திருந்தாள். அப்போதுதான் சிவரூபியின் கையில் இருந்த விளக்கைப் பார்த்தாள். காற்று இல்லை; ஆனாலும் சுடர் துடித்தது. நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இடம்பெயர்ந்த நாட்களில் புதுக்குடியிருப்புத் தெருவோரத்தில், ஒரு மூட்டைக்கு மேல் இருந்துகொண்டு, "இனி எந்த வீட்டுக்கு அக்கா போறது?" என்று கேட்டதும் இதே முகத்தோடுதான். கேட்டவள் சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் அக்காவைத்தான் கேட்டாள்.

இந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்று கத்தியது.

செவலை காதை நிமிர்த்தியது. ஒரே உதறல். குகதாசனின் கை கயிற்றை விட்டது. மாலையும் குங்குமமுமாக மாடு படலையை இடித்துத் திறந்து, கமலாசனியின் முற்றத்தைக் கடந்து, படியேறி, சாத்தியிருந்த கதவை நெற்றியால் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பின்னால் சனம் ஓடியது. விளக்கை யாரிடமோ கொடுத்துவிட்டுச் சிவரூபியும் ஓடினாள்.

மண்டபத்துக்குள் செவலை அலுமாரிக் கண்ணாடியில் தன் மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கன்று மடியை முட்டி முட்டி, வாலை ஆட்டி, வாயில் நுரை தள்ளக் குடித்தது.

"வயித்தாலை போற கண்டு குடிக்கிற குடியைப் பாருங்கோவன்," என்றாள் வடிவம்மா.

யாரும் சிரிக்கவில்லை. பாலன் கூரையைப் பார்த்தான். சிவரூபி கன்றைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அது கட்டியிருந்த அலுமாரிக் காலைப் பார்த்தாள்.

"அக்காவின்ர வீட்டுக்கு இன்னும் குடிபூரேல்லை," என்று சனத்துக்குக் கேட்கும்படி சொன்னாள். "மூத்தவளின்ர வீட்டுக்கு முதல் வந்திருக்கு. சரிதானே ஐயா?"

"நல்ல சகுனம்தான்," என்றார் ஐயர், நேரத்தை நினைத்துக்கொண்டு.

பிறகு சிவரூபி கமலாசனிக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "விருப்பமில்லையெண்டா சொல்லியிருக்கலாமே. நான் கெஞ்சியாவது வேற மாடு பிடிச்சிருப்பன்."

கமலாசனி அலுமாரிக்குக் கிட்டப் போனாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். குந்தியிருந்து அலுமாரிக் காலில் போட்ட முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகிப்போயிருந்தது, இறுக்கிக் கட்டியதும் அவள்தான்.

"மாபிளில சாக்கு விரியுங்கோ, மாட்டுக்குக் கால் வழுக்கும்," என்று குகதாசனைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஐயா, நேரம் கிடக்கோ?"

"கிடக்கு. கெதியா."

கன்றை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு நடந்தாள். புதுச் சேலையில் பால் நுரை வழிந்தது. செவலை அவளுடைய முழங்கையை மோந்துகொண்டே பின்னால் வந்தது. படலையைத் தாண்டி, புது வீட்டுப் படிகளில் ஏறி, நிலையைக் கடந்து, எல்லோருக்கும் முன்னால் கமலாசனியின் வெறுங்கால் அந்த வீட்டுக்குள் போனது. சாக்குக்கு வெளியே வைத்த கால் மாபிளில் பட்டபோது, குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அதிலும் அவளுக்கு ஆற்றாமைதான் வந்தது.

குசினி வரைக்கும் போய்த் திரும்பவேண்டும் என்றார் ஐயர். அங்கே கன்றை இறக்கிவிட்டு, கமலாசனி யன்னலால் பார்த்தாள். அவளுடைய கிணறு, அவளுடைய வெறுங் கொட்டில், கழுவிக் கவிழ்த்த அவளுடைய சட்டிகள். உண்மையிலேயே எல்லாம் வடிவாகத் தெரிந்தது.

பின்னால் பெண்கள் கூவினார்கள். செவலை வாலைத் தூக்கி, சாக்கு விரிக்காத இடமாகப் பார்த்து, வெள்ளை மாபிளில் சாணம் போட்டது.

"லச்சுமி! லச்சுமி!" என்றாள் வடிவம்மா. குகதாசன் கையெடுத்துக் கும்பிட்டான். சிவரூபியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. திரும்ப வாங்கிய விளக்கு கையில் இப்போது துடிக்காமல் எரிந்தது.

கமலாசனி சாணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ர வீட்டுக்குள்ளயும் நிண்டதுதானே," என்றாள். "ஒரு சொட்டும் போடேல்லை."

சிவரூபி அவளைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேணுமெண்டா அள்ளிக்கொண்டு போ அக்கா."

அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. கமலாசனி ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துக் குனிந்தாள். முழுவதையும் அள்ளவில்லை, பாதியை அப்படியே விட்டாள். இலையை ஏந்திக்கொண்டு, பின் கதவால் இறங்கி, குசினி யன்னலுக்குக் கீழாக, தன் வீட்டு வாசற்படியை மெழுகுவதற்குப் போனாள். தங்கை பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை.