வலது ஓரம் தளர்ந்த சோபா

மறைந்த அண்ணனின் நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாவது வரைதான் படித்தேன். உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கோலார் தங்கவயலில் பிறந்தார். சுரங்கம் மூடியதும் என்னையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்தார். பொம்மனஹள்ளியில் தகரக் கொட்டகை போட்டு சோபா பட்டறை ஆரம்பித்தார். மரம் தந்தவரைக் கூட்டாளி ஆக்கினார். தையல்காரர்களுக்கும் லாபத்தில் பங்கு வைத்தார். "ஒத்த ஆளு சோபா தூக்க முடியாதுடா" என்பார்.

எந்த சோபாவும் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்காமல் வெளியே போகாது. செய்தவர், அண்ணன், கடைசியில் நான். அடியில் கட்டும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் என் இடுப்புக்குத் தெரிந்துவிடும். "உட்கார்ந்தே சம்பளம் வாங்குற மகராசன்" என்று தையல்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு மாண்டியாவிலிருந்து மஞ்சுநாத் வந்தார். படத்தைக் காட்டினால் போதும், அப்படியே செய்துவிடுவார். அண்ணன் அவரையும் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவரை அந்த வார்த்தை எனக்கு மட்டும் இருந்தது. பெயர்ப் பலகையில் அவர் பெயரையும் எழுதப்போவதாகச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் மஞ்சுநாத் செய்த சோபா ஒன்றில் உட்கார்ந்தேன். வலது ஓரம் தளர்ந்திருந்தது. அண்ணனுக்கு அது பிடிபடவில்லை. நான் "சரியா இருக்கு" என்றேன்.

பத்தே நாளில் அல்சூரிலிருந்து அது திரும்பி வந்தது. மஞ்சுநாத் தலை குனிந்து நின்றார். அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என் தம்பி உட்கார்ந்து பார்த்து அனுப்பினது. வண்டியில ஆடித் தளர்ந்திருக்கும். மறுபடி கட்டிக் கொடு" என்றார்.

மஞ்சுநாத்தும், "ஆமாண்ணா, அவர் பார்த்தா தப்பு வராது" என்றார்.

மறுவாரம் பலகையில் அவர் பெயர் ஏறியது.

அண்ணன் படுக்கையில் இருந்த மாதங்களிலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மஞ்சுநாத் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அவரைத் தூக்கி உட்கார வைப்பார். அண்ணன் அவர் தோளில் சாய்ந்துகொள்வார். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். இன்றும் அது முழுக்கப் போகவில்லை.

கண் மூடாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ரத்தம் கொடுத்த தையல்காரர்களுக்கும் நன்றி. மஞ்சுநாத்துக்கு நன்றி சொல்லும் முன் அந்த வலது ஓரத்தைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நினைவு மலரை எல்லோருக்கும் கொடுக்கும் அன்று இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுவேன்.

ஆவணி மாதம் இரண்டாம் ஞாயிறு, பட்டறைக்கு லீவு விட்ட நாள்.